ஊரில் ஐப்பசி மழை. டில்லியில் அகால மழை

ஐப்பசி என்றால் அடைமழை என்பது தமிழ்நாட்டில் சிறு குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் டில்லிக்குப் பிழைக்க வந்த தமிழனுக்கு இந்த மாதம் இரண்டு முகம் காட்டுகிறது. ஊரிலிருந்து வரும் செய்தியெல்லாம் ஏரி நிரம்பியதா, நாற்று தேறியதா, வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்பதாகவே இருக்கும். இங்கேயோ, துலக்கி வைத்த வெண்கலப் பானைபோல வானம் பளிச்சென்று இருக்க வேண்டிய காலம் இது. மொட்டை மாடியில் ரஜாய் வெயில் காயும். கூலருக்கு விடுமுறை கிடைக்கும். டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டர், பாச்சை உருண்டை வாசனையோடு வெளியே வரும். கொலுப் பொம்மைகளை எடுத்து வைத்த கையோடு தீபாவளி பட்சணத்துக்கு மளிகை ஜாபிதா எழுதும் நேரம்.

இந்த ஒழுங்கு அண்மை ஆண்டுகளில் பல முறை குலைந்துவிட்டது. சில ஆண்டுகளில் அக்டோபரில் கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது. வேறொரு ஆண்டில் ஒரு சொட்டு மழைகூட இல்லாமல் வெயில் மட்டும் நீடித்தது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, விஜயதசமியன்று, கொளுத்துவதற்காக நிறுத்தியிருந்த ராவணன் பொம்மைகள் மழையில் நனைந்து தொங்கின. வேடிக்கை பார்க்கப் போனவர்கள் குடையோடு திரும்பினார்கள்.

இதில் என்ன பெரிய கவலை, ஊரில் பார்க்காத மழையா என்று கேட்பவர்கள் உண்டு. ஊர் மழை வேறு, இந்த மழை வேறு. ஊரில் ஐப்பசி மழையை எதிர்பார்த்தே ஏரியும் குளமும் வெட்டினார்கள். விதைப்பதும் நடுவதும் அதைக் கணக்கிட்டே. டில்லியோ செப்டம்பர் கடைசியோடு மழைக் கணக்கை முடித்துக்கொள்ளும் நகரம். கணக்கை மூடிய பிறகு வந்து விழும் செலவைப் போன்றது அக்டோபர் மழை. அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதே கேள்வி.

இரண்டு காற்று, இரண்டு கணக்கு

ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டுக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது வடமேற்கு மூலையிலிருந்துதான் முதலில் விலகத் தொடங்கும். வானிலை இலாகா 2020-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட அட்டவணையின்படி, டில்லியை விட்டு அது விலக வேண்டிய நாள் செப்டம்பர் 25. நாடு முழுவதிலிருந்தும் விலகுவது அக்டோபர் 15 வாக்கில். அதன் பிறகு காற்று திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடகிழக்கிலிருந்து வீசும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருவது இந்த வடகிழக்குப் பருவக்காற்றுதான்.

ஆகவே டில்லியில் மழைக்காலம் முடியும் இடத்தில்தான் ஊரில் மழைக்காலம் தொடங்குகிறது. இங்கே அக்டோபர் மாதத்தில் பெய்யும் மழையின் சராசரி 28 மில்லிமீட்டர் என்று 2021-ஆம் ஆண்டு வரை கணக்கிட்டிருந்தார்கள். சென்னையில் ஒரே மாலையில் இவ்வளவு பெய்தால் யாரும் அதைப் பேச்சாகவே எடுக்கமாட்டார்கள். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முழுவதும் டில்லியில் மழையே இல்லை. அதுவும் இங்கே அதிசயமாகப் படவில்லை.

நினைவில் நிற்கும் அக்டோபர்கள்

டில்லியின் மழைக்கும் வெயிலுக்கும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்துக் கணக்கையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் அக்டோபர் மாதத்து மழையில் முதலிடம் 1954-ஆம் ஆண்டுக்கு. அந்த மாதம் 238.2 மில்லிமீட்டர் பெய்தது; அதில் ஒரே நாளில் விழுந்தது 172.7 மில்லிமீட்டர். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1956-இல் 236.2 மில்லிமீட்டர். கரோல்பாக் ஒண்டுக் குடித்தனங்களிலும், அந்நாளில் விநய் நகர் என்று வழங்கிய சர்க்கார் குவார்ட்டர்ஸ்களிலும் தமிழ்க் குமாஸ்தாக்கள் குடியேறிய காலம் அது. அகால மழை டில்லிக்குப் புதிதல்ல என்பதற்கு இவ்விரண்டு ஆண்டுகளே சாட்சி.

அதன் பிறகு வெகுகாலம் அத்தகைய அக்டோபர் வரவில்லை. 2021-இல் நிலைமை மாறிற்று. அந்த ஆண்டு பருவக்காற்று டில்லிக்கு வந்ததே ஜூலை 13-ஆம் தேதிதான். தாமதமாக வந்த விருந்தாளி தாமதமாகவே புறப்பட்டது. அக்டோபர் 8-ஆம் தேதிதான் விலகியது. செப்டம்பரில் மட்டும் 413.3 மில்லிமீட்டர் பெய்து தீர்த்துவிட்டதால், இனி மழை இல்லை என்று ஜனங்கள் நிம்மதியாக இருந்தார்கள். அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் வானம் திறந்துகொண்டது. திங்கட்கிழமை காலை எட்டரை மணி வரையான 24 மணி நேரத்தில் 87.9 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மாதத்து மொத்தம் 122.5 மில்லிமீட்டர். 1956-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு மழை பெய்த அக்டோபர் வேறில்லை.

அடுத்த ஆண்டும் விட்டபாடில்லை. 2022-இல் பருவக்காற்று செப்டம்பர் 29-ஆம் தேதியே விடைபெற்றுவிட்டது. ஆனால் அக்டோபர் 8, சனிக்கிழமை தொடங்கி மழை. ஞாயிறு காலைக்குள் 74 மில்லிமீட்டர். அந்தச் சனிக்கிழமை பகலில் அதிகபட்ச வெப்பம் 23.4 டிகிரி, இரவு குறைந்தபட்சம் 20.8 டிகிரி. பகலுக்கும் இரவுக்கும் மூன்று டிகிரிகூட வித்தியாசமில்லை. ஊரில் அடைமழை நாளில் இருக்கும் அதே புழுங்கல் ஈரம், யமுனைக் கரைக்கு வந்துவிட்டது.

2024 நேர்மாறாக அமைந்தது. அக்டோபர் முழுவதும் மழையில்லை; குளிரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மாதத்துப் பகல் வெப்பத்தின் சராசரி 35.1 டிகிரி. டில்லியில் 1951-க்குப் பிறகு அவ்வளவு வெப்பமான அக்டோபர் கிடையாது. டில்லி மட்டுமல்ல, இந்திய நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 1901 முதலான கணக்கில் அதுவே மிக வெப்பமான அக்டோபர். அக்டோபர் 31-ஆம் தேதி வந்த தீபாவளிக்கும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மேற்கிலிருந்து ஒன்று, கிழக்கிலிருந்து ஒன்று

பருவக்காற்று போன பிறகு மழை எங்கிருந்து வருகிறது? மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் காற்றுச் சுழல்கள் உண்டு. மேற்கத்திய இடையூறு என்று வானிலை இலாகா இதைச் சொல்லும். டில்லியில் தை மாதக் குளிரில் பெய்யும் சாரலும், சிம்லாவில் விழும் பனியும் இதன் உபயம்தான்.

இது தனியாக வந்தால் ஒரு தூறலோடு போய்விடும். அதே சமயத்தில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்நாட்டுக்குள் நுழைந்திருந்தால், குளிர்ந்த மேற்குக் காற்றும் ஈரமான கிழக்குக் காற்றும் மோதிக்கொள்ளும். அப்போது பெருமழை. 2021 அக்டோபரில் நடந்தது இதுதான். மத்தியப் பிரதேசப் பக்கம் நின்ற காற்றழுத்தத் தாழ்வும், மேற்கிலிருந்து வந்த சுழலும் கைகோத்துக்கொண்டன. டில்லி நனைந்ததோடு நிற்கவில்லை. அடுத்த நாள் உத்தராகண்ட் மலைகளில் மேகம் கொட்டியது. முக்தேஸ்வரில் ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர், 1897 முதல் அங்கே எழுதிவரும் கணக்கில் அதற்கு ஈடு இல்லை. மலைச்சரிவுகளில் பலர் மாண்டனர். அதே வாரத்தில், அக்டோபர் 16-ஆம் தேதி, தெற்கே கேரளத்தின் கூட்டிக்கல், கொக்கயார் கிராமங்களிலும் மழையால் மண் சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது.

ஒரு மழையைக் காட்டி உலகமே சூடாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 1954-இலும் பெய்தது அல்லவா? ஆனால் ஒரு கணக்கில் சந்தேகமில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியைத் தாங்கும். பெரிய துணியைப் பிழிந்தால் அதிக நீர் சொட்டுவதுபோல, சூடான காற்று பெய்யும்போது கூடுதலாகக் கொட்டும். பெய்யாதபோது வெயிலாய்க் காயும். கொட்டித் தீர்த்த 2022-ஐயும் வறண்டு காய்ந்த 2024-ஐயும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

யாருக்கு நஷ்டம்?

அகால மழையில் லாபமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2021 அக்டோபர் மழைக்கு மறுநாள் டில்லியின் காற்று 'நல்லது' என்று முத்திரை வாங்கியது. புகையும் தூசியும் கழுவப்பட்ட அபூர்வமான நாள் அது. ஆனால் அந்தச் சுத்தமான காற்றைச் சுவாசிக்கச் சிலர் கொடுத்த விலை அதிகம்.

மாதச் சம்பளக்காரருக்கு மழை ஒரு தொந்தரவு. மின்டோ பாலத்தடியில் தண்ணீர் நின்றால் பஸ் சுற்றிப் போகும். ஆபீசுக்கு அரைமணி தாமதம். நனைந்த செருப்போடு பைல் புரட்ட வேண்டும். முதல் தேதி சம்பளம் வந்துவிடும். தினக்கூலிக்காரர் நிலை அப்படியல்ல. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள்தான் சுண்ணாம்பு அடிப்பவருக்கும், பெயின்டருக்கும், கொத்தனாருக்கும், சித்தாளுக்கும் கை நிறைய வேலை கிடைக்கும் காலம். இரண்டு நாள் மழையென்றால் இரண்டு நாள் கூலி போயிற்று. சுவர் காய மேலும் இரண்டு நாள். நடைபாதையில் இட்லி, தோசை விற்கும் தள்ளுவண்டிக்காரருக்கு அரைத்த மாவு புளித்துப்போகும். ஊருக்கு அனுப்ப வேண்டிய தீபாவளிப் பணத்தில்தான் இந்தத் துண்டு விழும்.

பழைய வீடுகளில் ஒண்டியிருப்பவர்களுக்கு அபாயம் தலைக்கு மேலேயே இருக்கிறது. 2022 அக்டோபர் 9-ஆம் தேதி, விடாத மழையில் பழைய டில்லியின் லாகூரி கேட் பகுதியில் ஒரு வீடு இடிந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒன்று நான்கு வயதுக் குழந்தை.

அடுப்படியும் தப்புவதில்லை. அக்டோபரில்தான் பஞ்சாப், ஹரியாணா வயல்களில் நெல் அறுவடை. அறுத்த நெல் மண்டியில் அம்பாரமாகக் குவிந்திருக்கும் சமயத்தில் மழை பெய்தால் அது கறுத்து முளைவிடும். நரேலா, நஜப்கட் மண்டிகளுக்கு வரும் விவசாயிக்கும் இதே கதிதான். தக்காளியும் வெங்காயமும் வயலிலேயே அழுகி, இரண்டு வாரத்தில் அந்த நஷ்டம் சப்ஜி மண்டி விலையாக வந்து சாம்பாரைத் தொடும். 2021 அக்டோபரில் தக்காளி விலை ஏறியதற்குப் பல மாநிலங்களில் பெய்த அகால மழையும் ஒரு காரணம்.

பாராபுல்லா கால்வாய்க் கரையில்

பெய்த நீர் ஓட வழி வேண்டும். டில்லியின் வடிகால்களுக்கு 1976-இல் வகுத்த திட்டமே பல பத்தாண்டுகள் அடிப்படையாக இருந்தது. 1981-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் டில்லியில் 62 லட்சம் பேர். 2011-இல் 1 கோடி 68 லட்சம். வீடுகள் பெருகின, சாலைகள் பெருகின, மண் தரை சிமெண்டால் மூடப்பட்டது. மழை அளவோடு பெய்தாலும் தண்ணீர் நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்த வடிகால் பிரச்சினை டில்லித் தமிழரின் குடியிருப்பு ஒன்றையே விழுங்கியது. ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா கால்வாய்க் கரையில் இருந்த மதராஸி கேம்ப் அது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தன. ஆண்கள் கூலி வேலைக்கும், பெண்கள் சுற்றுவட்டாரத்துப் பங்களாக்களில் வீட்டு வேலைக்கும் போய் வந்தார்கள். பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். ஊர்த் தெய்வத்துக்குக் கோயிலும் இருந்தது.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கக் கால்வாய் அடைபட்டிருப்பதே காரணம் என்றும், அதைத் தூர்வாரக் கரையிலுள்ள குடிசைகளை அகற்ற வேண்டும் என்றும் 2025 மே மாதம் டில்லி ஹைகோர்ட் உத்தரவிட்டது. ஜூன் 1-ஆம் தேதி புல்டோசர்கள் வந்தன. ஏறத்தாழ 370 வீடுகள் தரைமட்டமாயின. பாதிக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டென்று முடிவாயிற்று. அந்த வீடுகளும் நரேலாவில். நகரின் வடக்குக் கோடியில், பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க வர வேண்டிய பெண்மணி நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவாள் என்பதை எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

கால்வாய் தூர்வாரப்பட வேண்டியதே, அதை மறுப்பாரில்லை. தண்ணீர் வழிந்தால் முதலில் நனைவதும் கரையிலிருப்பவரின் பாய் படுக்கைதான். ஆனால் நகரம் முழுவதும் சேர்ந்து அடைத்த வடிகாலுக்குக் கரையில் இருந்த ஏழைகளே முதல் தவணை செலுத்தினார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

கூலரில் வளரும் ஆபத்து

மழையும் வெப்பமும் சேர்ந்த அக்டோபர் இன்னொரு கணக்கையும் தீர்த்துவிட்டுப் போகிறது. டில்லியில் டெங்கு ஜுரம் உச்சத்துக்கு வருவது செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில். 1996-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பரவிய டெங்குவில் 10,252 பேர் பாதிக்கப்பட்டு, 423 பேர் இறந்தனர். 2015-இல் 15,867 பேருக்குக் கண்டது. அகால மழை பெய்த 2021-இல் 9,613 பேருக்கு. இறந்தவர் 23 பேர்.

இந்தக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. சுத்தமாகத் தேங்கிய நீரில்தான் முட்டையிடும். கூலர் தொட்டி, மொட்டை மாடி டாங்க், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத வாளி எல்லாம் அதற்கு மாளிகை. நவம்பர் நடுவில் குளிர் இறங்கினால் கொசு தானே ஓய்ந்துவிடும். அக்டோபர் வெப்பமாக நீடித்தால் அந்த ஓய்வும் தள்ளிப்போகிறது. குளிர் வந்துவிடும் என்று நம்பிக் கூலரை நிறுத்தி, அடியில் நான்கு விரற்கடைத் தண்ணீரை அப்படியே விட்டுவைக்கும் வீடுகள்தாம் மிகுந்த ஆபத்துக்கு இடம்.

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் போதும். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். ஆகவே நாரைக் கொண்டு தேய்த்துக் கழுவி, உலர்த்தி, துணியால் மூடி வைக்க வேண்டும். டில்லி சர்க்கார் 2019-இல் தொடங்கிய இயக்கம் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்கச் சொன்னது. நல்ல யோசனை, ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் நடுவில் பத்து நிமிஷம் கிடைக்காத வீடு உண்டா?

இந்தக் கொசு பகலில் கடிப்பது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை நல்லது. ஜுரம் வந்தால் ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைத் தொடக்கூடாது; ரத்தக் கசிவை அவை அதிகமாக்கும். நீராகாரம் நிறையக் கொடுத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். ஜுரம் இறங்கியதும் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவதுதான் பெரிய பிழை. இறங்கிய ஓரிரு நாளில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தென்பட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா, லோக் நாயக் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தனியாக அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களை இந்த நாட்களில் பக்கத்து அறைக்காரர் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது புண்ணியம்.

ஐப்பசிக்கு டில்லியும் தயாராகட்டும்

வானத்தைத் திருத்த யாராலும் ஆகாது. ஆனால் செப்டம்பர் 25 என்பது அட்டவணைத் தேதியே தவிர வானத்தின் கையெழுத்தல்ல என்பதை நகராட்சி உணர வேண்டும். ஜூன் மாதத்துக்கு முன் ஒரு தடவை வடிகாலைத் தூர்வாரிவிட்டுக் கணக்கை மூடாமல், புரட்டாசி முடிவில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இடியும் நிலையிலுள்ள கட்டடங்களின் சோதனை அக்டோபரிலும் தொடர வேண்டும். கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு, வீட்டோடு பஸ்ஸும் பள்ளியும் கூடவே கிடைக்க வேண்டும்.

வீட்டளவில் செய்யக்கூடியதும் உண்டு. தீபாவளிச் சுத்தத்தைத் தொடங்கும்போது முதல் வேலை கூலர்த் தொட்டியாகவும், இரண்டாவது வேலை மாடியின் மழைநீர்க் குழாயாகவும் இருக்கட்டும். சுவரில் புதிய வெடிப்பு தெரிந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்து மூலமாகவே சொல்லி வைக்கலாம். மழையில் வேலை போன நாளின் கூலியை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்குப் பிடிக்காமல் கொடுத்தால் எந்தக் குடும்பமும் மூழ்கிவிடாது.

ஊரில் மழை பெய்கிறதா என்று போனில் கேட்பது டில்லித் தமிழரின் ஐப்பசி வழக்கம். இனி ஊரிலிருப்பவர்களும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள். பெய்கிறது, ஆனால் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று பதில் சொல்ல முடிந்தால், அந்தத் தீபாவளி நல்ல தீபாவளி.